ஏழு வருட ஜலதோஷம்

இந்தக் குளிரில் மூக்கு ஒழுகாதவள் யார் என்று
நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.
கேத்தி பாலாடாவில் இரவு பதினொன்றுக்கு
கேரட் கழுவும் மெஷின் சுற்றத் தொடங்கினால்
விடியும்வரை முழங்கை ஈரம்.
தும்மலுக்கு நடுவே மூட்டை தைப்போம்.
மருந்துக்கடையில் வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை,
அப்புறம் ஆவி, அப்புறம் தைலம்,
அப்புறம் இதுதான் நான் என்று விட்டுவிட்டேன்.

வாசனை எப்போது போனது, தெரியாது.
பால் தீய்ந்து பக்கத்து லைன்காரி ஓடிவந்த அன்று
அது போயிருந்தது தெரிந்தது.

ஒரு மாசி இரவு, குவியலுக்கு மேலே பெரிய பல்பு.
வலது கண்ணில் தூசி விழ, பொத்திக்கொண்டேன்.
கேரட்டெல்லாம் வெளுத்திருந்தது.
முள்ளங்கிக்குச் சித்தப்பா மகள் மாதிரி.
கையை எடுத்தேன், கேரட்.
பொத்தினேன், சாயம் போன துணி.
எடுத்தேன். பொத்தினேன்.
"யாருக்கு யோகமலர் கண்ணடிக்கிறே?"
மேஸ்திரி மாதன் அதட்ட
எல்லோரும் சிரித்தோம், நானும்.

கேரட் தின்றால் கண்ணுக்கு நல்லதாம்.
உடைந்ததெல்லாம் எங்களுக்குத்தான்.
மடியில் கட்டிப் போனது
எத்தனை கிலோ இருக்கும்?

தண்ணீரில் தேய்ந்த என் கைரேகையை ஏற்காமல்
ரேஷன் கடை மெஷின் கருவிழியைக் கேட்டது.
பையன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அக்கா, இந்தக் கண்ணு வெளியே தள்ளியிருக்கே."

ஊட்டியில் சீட்டு எழுதி
கோயம்புத்தூருக்கு இறக்கிவிட்டார்கள்.
பர்லியாறு தாண்டியதும் மூடுபனி விலகியது
பஸ்ஸில் எல்லோருக்கும்.
எனக்குப் பாதி.

டாக்டரம்மா மாத்திரை அட்டையின் பின்புறம் வரைந்தாள்.
மூக்குக்குப் பின்னால் அறைகள்.
அறைகளில் பூஞ்சை, பழைய ரொட்டியில் படருமே, அதன் உறவு.
"அது உங்களைத் தின்னல.
ஓரமாத்தான் இருந்தது.
உங்க உடம்புக்குத்தான் அதைப் பிடிக்கல.
சளியைக் கொட்டிக் கொட்டிச் சண்டை போட்டு
அறை நிறைஞ்சு, எலும்பு நகர்ந்து,
அந்தப் பக்கம் போற கண் நரம்பு நசுங்கிருச்சு."
கண்டியிலிருந்து கப்பலேற்றிய அப்பாவின் மகள் நான்.
இங்கே வந்தும் சிலோன்காரி.
ஓரமாகத்தான் இருந்தோம், நாங்களும்.
"எத்தனை நாளா மங்கல்?"
மாசி, பங்குனி, சித்திரை,
விரல் விட்டு எண்ணினேன்.
அவள் பேனாவை மூடி வைத்தாள்.

எடுத்ததைப் போத்தலில் காட்டினார்கள்.
பச்சையும் பழுப்புமாகக் களி,
இறுகிய கருப்பட்டிப் பாகு.
"இதையா சுமந்தே?" என்றார் தவராசா,
லோடு வண்டி ஓட்டுகிறவர், எடை தெரிந்தவர்.

நான்காம் நாள் பஞ்சை உருவினார்கள்.
பினாயில் வாசனை.
பிறகு பக்கத்துக் கட்டிலில் யாரோ
ஆரஞ்சு உரித்தார்கள்.
அழுதேன்.
இடது கண் வரவில்லை.
கை அசைத்தால் ஏதோ அசையும், அவ்வளவே.
கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா, என்று தொடங்கி
டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அறைந்தது நாற்றம்.
காலண்டரைத் தூக்கினால் பின்னால் கறுப்பு,
கம்பளியில், தவராசாவின் ஜெர்கினில்,
நான் தலைவைத்த சுவரில்.
"ஒண்ணும் நாத்தமில்லையே" என்றார் அவர்.
பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன்.
ஒரு மழை போதும், திரும்பி வந்தது.

இப்போது டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுகிறேன்.
தினமும் உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவுகிறேன்,
கேரட்டைக் கழுவுவது போல.
மூட்டையை வலப்பக்கம் வை என்று சொல்லியிருக்கிறேன்.
மாதன் மறந்துவிடுகிறான்.
முழங்கால் ஞாபகப்படுத்தும்.

எதிரே நஞ்சி, இந்த இரவில் பதினோராவது தும்மல்.
எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.
"நஞ்சி, ஒரு கண்ணைப் பொத்து.
இது என்ன நிறம்?"
"கேரட்டு கேரட்டு நிறந்தான், பைத்தியமே."
"சரி.
அந்தக் கையை எடு.
இப்போ மறு கண்ணு."